புகைமூட்டச் சட்டம் இருந்தும் ஏன் யாரும் கூண்டில் ஏறவில்லை?

புக்கிட்_பாத்தோக்_அம்மா

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2015 செப்டம்பர் 25, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள், இந்தோனேசியத் தீயிலிருந்து வந்த புகைமூட்டம் மோசமாகிச் சிங்கப்பூர்த் தீவு முழுவதும் தொடக்கப்பள்ளிகளையும் உயர்நிலைப்பள்ளிகளையும் மூடினார்கள், பலருக்கும் நினைவிருக்கும். என் மகள் அப்போது தொடக்கநிலை ஒன்று. சன்னல்களை அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துண்டைச் செருகி வைத்தும் வீட்டுக்குள் விறகடுப்பு எரிகிற வாசம். பிள்ளைக்கு ராத்திரி முழுக்க இழுப்பு. விடியற்காலை மூன்று மணிக்கு டாக்சி பிடித்து மருத்துவமனைக்கு ஓடி, நெபுலைசர் வைத்து உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு இன்ஹேலர் அவளுடைய பள்ளிப்பையை விட்டு இறங்கவே இல்லை.

இப்போது அவள் தொடக்கக்கல்லூரியில் படிக்கிறாள். போன வாரம் ஒரு கட்டுரைக்காக எதையோ படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அம்மா, அந்தப் புகைக்கு யாரையாவது தண்டித்தார்களா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால் தேடிப் பார்த்தேன். 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டதே, அதற்கு அடுத்த வருடமே நம் நாடாளுமன்றம் எல்லை கடந்த புகைமூட்டத் தூய்மைக்கேட்டுச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியிருக்கிறது. வெளிநாட்டில் தீ வைத்தாலும் புகை இங்கே வந்தால் குற்றம், ஒரு நாளைக்கு 100,000 வெள்ளி வரை அபராதம், மொத்தம் 2 மில்லியன் வெள்ளி வரை போகலாம். அந்தச் சட்டம் நடப்புக்கு வந்த தேதியைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது: 2014 செப்டம்பர் 25. பள்ளிகளை மூடியதற்குச் சரியாக ஒரு வருடம் முன்னால்.

ஆக, பிள்ளைக்கு மூச்சு முட்டிய அன்று சட்டம் கையில்தான் இருந்தது. அப்படியிருந்தும் 2015 புகைக்காக இங்கே ஒரு நிறுவனமும் நீதிமன்றத்தில் அபராதம் கட்டவில்லை.

ஏன் என்று யாராவது விளக்க முடியுமா? என்னைப் போன்ற சாதாரண ஆள் அந்தச் சட்டத்தை வைத்து வழக்குப் போட முடியுமா? இந்தியாவின் ஊர்ச் செய்தியைத் திறந்தால் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது, ஆற்றைச் சுத்தம் செய்யச் சொன்னது என்று அடிக்கடி வருகிறது, இங்கே அப்படி எதுவும் காதில் விழுவதில்லையே. "இங்கே எல்லாவற்றையும் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், கோர்ட்டுக்கு இதில் வேலை இல்லை" என்று என் கொழுந்தன் சொல்கிறார். அவர் சொல்வது சரியா?

தெம்பனிஸ்_வாசகன்

அக்கா, சில வருடம் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தவன், இப்போது வேறு துறை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

சாதாரண ஆள் வழக்குப் போட முடியுமா என்ற கேள்விக்குப் பதில், முடியும். அந்தச் சட்டத்தில் அரசாங்கம் தொடுக்கிற குற்ற வழக்கு ஒரு பக்கம், பாதிக்கப்பட்டவர் தானே இழப்பீடு கேட்டுத் தொடுக்கிற வழக்கு இன்னொரு பக்கம், இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். உடல்நலக் கேடு, சொத்துச் சேதம், வியாபார நட்டம் எல்லாம் அதில் அடங்கும். ஆதாரம் காட்டுவதையும் முடிந்தவரை எளிதாக்கியிருக்கிறார்கள். புகை இங்கே வந்த நேரத்தில் அந்த நிலத்தில் தீ எரிந்தது, காற்று இந்தப் பக்கம் வீசியது என்று செயற்கைக்கோள் படமும் வானிலைத் தகவலும் காட்டினால், அந்த நிலத்துக்காரர்தான் காரணம் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. வழக்கமாக எல்லாவற்றையும் வழக்குப் போட்டவர்தான் நிரூபிக்க வேண்டும், அந்தச் சுமையை இங்கே திருப்பி வைத்திருக்கிறார்கள், இது பெரிய விஷயம்.

அப்புறம் எங்கே மாட்டிக்கொள்கிறது என்றால், அந்த நிலம் யாருடையது என்கிற இடத்தில். சுமத்திராவில் ஒரே துண்டு நிலத்துக்கு நிறுவனம் ஒரு வரைபடம் வைத்திருக்கும், உள்ளூர் அதிகாரிகள் இன்னொன்று வைத்திருப்பார்கள், கிராமத்து மக்கள் அது தங்கள் நிலம் என்பார்கள். நம் அதிகாரிகள் அங்கே போய் மண்ணைத் தோண்டிப் பார்க்கவோ சாட்சியைக் கூப்பிட்டு விசாரிக்கவோ முடியாது, அது வேறொரு நாடு. 2015ல் தேசியச் சுற்றுப்புற வாரியம் சில இந்தோனேசிய நிறுவனங்களுக்கு அந்தச் சட்டத்தின்கீழ் அறிவிக்கை அனுப்பியது. ஒரு நிறுவனத்தின் இயக்குநர் சிங்கப்பூர் வந்திருந்தபோது விசாரணைக்கு வரச் சொன்னார்கள், அவர் வரவில்லை, 2016ல் நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக ஆணை வாங்கினார்கள். மறுபடி இங்கே கால் வைத்தால்தான் அந்த ஆணைக்கு உயிர்.

சட்டத்தின் சொல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு வழக்கைச் சொல்கிறேன். 2014ல் மடகாஸ்கரிலிருந்து வந்த 29,434 செம்மரக்கட்டைகளை (நம் ஊர்ச் செம்மரம் இல்லை, அழிந்துவரும் வேறு இனம்) இங்கே துறைமுகத்தில் பிடித்தார்கள். உயர் நீதிமன்றம் சிறையும் அபராதமும் விதித்தது. 2019ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்துவிட்டது. கட்டைகள் சிங்கப்பூருக்குள் இறக்குமதி ஆனவையா, அல்லது வேறொரு நாட்டுக்குப் போகிற வழியில் இங்கே இறங்கியவையா என்பதில்தான் வழக்கே நின்றது. வழியில் இறங்கியவைதான் என்று நீதிமன்றம் கண்டது, அதோடு வழக்கு முடிந்தது. மரம் வெட்டப்பட்டது வெட்டப்பட்டதுதான், ஆனாலும் சட்டத்தில் எழுதியிருப்பதைத் தாண்டி நீதிபதி தண்டிக்க முடியாது.

இந்தியாவோடு ஒப்பிட்டீர்கள். அங்கே அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு, ஒருவருடைய உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் சட்டப்படி அல்லாமல் பறிக்கக்கூடாது என்கிறது. நம் அரசியல் சட்டத்தின் 9வது பிரிவிலும் ஏறக்குறைய அதே சொற்கள்தான். 1991ல் இந்திய உச்ச நீதிமன்றம் "உயிர்" என்ற அந்தச் சொல்லுக்குள் மாசில்லாத தண்ணீரையும் காற்றையும் சேர்த்துப் படித்தது. ஜோகூர்ப் பாலத்தைத் தாண்டினால் 1996ல் மலேசிய நீதிபதி கோபால் ஸ்ரீராம் அது வாழ்க்கைத் தரத்தையும் சேர்த்ததுதான் என்று எழுதினார். சிங்கப்பூர் நீதிமன்றங்கள் அந்த வழியில் போகவில்லை, சொல்லை இறுக்கமாகவே படிக்கின்றன. அதோடு இந்தியாவில் ஆற்றைப் பற்றி அக்கறையுள்ள யாரும் பொதுநல வழக்குப் போடலாம், இங்கே உங்கள் சொந்த உரிமை பறிபோனதா, மற்றவர்களைவிடத் தனியாக உங்களுக்கு என்ன பாதிப்பு என்பதைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். உங்கள் கொழுந்தன் பாதி சரி.

பாலாற்றங்கரை

அக்கா, நான் வாணியம்பாடிப் பக்கம். இங்கே துவாஸில் வேலை, பதினாறு வருடமாகிறது. "ஊரில் நீதிமன்றம் மூடச் சொல்கிறது" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் தாத்தா காலத்தில் பாலாற்று மணலில் கையால் ஊற்று தோண்டித் தண்ணீர் குடித்திருக்கிறார்கள். மேலே மணல் காய்ந்து கிடந்தாலும் இரண்டு அடி தோண்டினால் தண்ணீர் சுரக்கும். அப்பா காலத்தில் கிணற்றுத் தண்ணீர் மாறியது. மாட்டுக்கு வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தென்னையில் குரும்பை கொட்டும், அப்புறம் மட்டை தொங்கும், அப்புறம் மரமே மொட்டையாக நிற்கும். எந்த டேனரியின் (தோல் பதனிடும் ஆலையின்) தண்ணீர் எங்கள் கிணற்றுக்கு வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, அவ்வளவு டேனரிகள். அப்பா பெரிய படிப்பு இல்லாதவர், ஆனால் என் பழைய பள்ளி நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுதி வைப்பார்: இன்று தண்ணீர் இன்ன நிறம், நுரை இருந்தது, வடக்கு வரப்பில் இரண்டு மரம் போனது. எதற்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டால், யாராவது ஒரு நாள் கேட்பான்டா என்பார்.

1996 ஆகஸ்ட் 28. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற எல்லாரும் இந்தத் தீர்ப்பைப் படித்தே ஆக வேண்டும், அதில் இருப்பது எங்கள் மண். டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும், கேடு வருமென்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்காகக் காத்திருக்கக் கூடாது, இந்த இரண்டும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்னார்கள். ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கென்றே பசுமை அமர்வு. நட்டத்தைக் கணக்கெடுக்கத் தனி ஆணையம்.

தீர்ப்பு வந்த அன்று ஊரில் இனிப்புக் கொடுத்ததாக அம்மா சொல்வார். ஆணையம் வந்தது, கணக்கெடுத்தது. 29,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டவர்கள் என்று 2001ல் முடிவு செய்தது, மொத்த இழப்பீடு 26 கோடி ரூபாய்க்குச் சற்று மேலே. நீங்களே வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஒரு தென்னந்தோப்புக்கு! அதிலும் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, நிறமும் நாற்றமும் குறைந்தன, ஆனால் தோல் கெடாமலிருக்கப் போடுகிற உப்பு தண்ணீரில் கரைந்துவிட்டால் அந்தச் சாதாரணச் சுத்திகரிப்பில் போகாது. உப்பு கிணற்றில் அப்படியே நின்றது.

அப்பா 2017ல் இறந்துபோனார். 2025 ஜனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடி தீர்ப்புச் சொன்னது. மீதிப் பேருக்கு இழப்பீட்டைக் கொடு, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போடு, சூழலுக்கு வந்த கேடு சரியாகும்வரை மாசுபடுத்தியவர்களின் பொறுப்பு தீராது என்றது. நடுவில் 28 வருடம் போயிருக்கிறது அக்கா. ஒரு தலைமுறை.

நீதிமன்றம் ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவில்லை. திருப்பூரில் நொய்யல் ஆற்றை நாசமாக்கிய சாயப்பட்டறைகளை, 700க்கும் மேல், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரேயடியாக மூடச் சொன்னது, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு செய்தவர்களைத்தான் அப்புறம் திறக்க விட்டார்கள். நீதிமன்றம் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது. ஆனால் தூத்துக்குடியைப் பாருங்கள். 2013ல் 100 கோடி ரூபாய் கட்டிவிட்டு ஸ்டெர்லைட் தாமிர ஆலையை ஓட்டலாம் என்று சொன்னதும் உச்ச நீதிமன்றம்தான், 2024 பிப்ரவரி 29 அன்று திறக்க முடியாது என்று நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளியதும் உச்ச நீதிமன்றம்தான். இரண்டுக்கும் நடுவில் 2018 மே மாதம், ஆலையை எதிர்த்த மக்கள்மேல் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். அதை நினைத்தால் தீர்ப்பு வந்தது என்று சந்தோஷப்பட எனக்கு மனம் வரவில்லை.

புக்கிட்_பாத்தோக்_அம்மா

தம்பி, படித்துவிட்டு மகளிடமும் காட்டினேன். அப்பாவின் நோட்டு இன்னும் இருக்கிறதா?

தெம்பனிஸ் தம்பிக்கும் நன்றி. மருத்துவமனைச் சீட்டுகள் எல்லாம் வைத்திருக்கிறேன். அவற்றை வைத்து இப்போது ஏதாவது செய்ய முடியுமா?

ஊபின்_தோணி

நான் இயற்கைத் தொண்டூழியர், இருபது வருடத்துக்கு மேல் புலாவ் ஊபினில் அலைந்தவன். நீதிமன்றத்தை மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் இந்த ஊரில் நடந்த பாதிக் கதை விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

1970ல் காற்றுத் தூய்மைக்கேட்டைக் கவனிக்கப் பிரதமர் அலுவலகத்தின்கீழேயே ஒரு பிரிவை வைத்தார்கள், மறுவருடம் தூய காற்றுச் சட்டம் வந்தது. சிங்கப்பூர் ஆற்றை 1977லிருந்து 1987வரை பத்து வருடத்தில் சுத்தம் செய்தார்கள். பன்றிப் பண்ணைகளை எடுத்தார்கள், தெருவில் சமைத்த அங்காடிக்காரர்களைக் கழிவுநீர்க் குழாய் உள்ள நிலையங்களுக்கு மாற்றினார்கள், கரையிலிருந்த குடிசைகளுக்கு வீவக (அரசாங்க வீடமைப்புக் கழக) வீடு கொடுத்தார்கள். பிழைப்பை இழந்தவர்களும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. ஆனாலும் எந்த நீதிபதியும் உத்தரவு போட்டு அது நடக்கவில்லை.

அப்புறம் செக் ஜாவா, ஊபின் தீவின் கடற்கரை. 2001ல் அந்தக் கரையை மண் கொட்டித் தூர்க்கப் போகிறார்கள் என்ற செய்தி பரவியதும் நீர் வற்றுகிற நாள் பார்த்து ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள். நானும் என் மனைவியும் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனோம், நட்சத்திர மீன் காலடியில் கிடக்கும், கடற்புல் மேலே நடக்கக் கூச்சமாக இருக்கும். இதுதான் கடைசி முறை என்று நினைத்துத்தான் போனோம். நிபுணர்கள் என்னென்ன உயிர் அங்கே இருக்கிறது என்று கணக்கெடுத்துக் கொடுத்தார்கள், பொதுமக்கள் கடிதம் கடிதமாக எழுதினார்கள். 2002 ஜனவரியில் அரசாங்கம் தூர்க்கிற திட்டத்தைத் தள்ளிவைத்தது. இன்றைக்கும் அந்தக் கரை இருக்கிறது. குறுக்குத் தீவு ரயில் பாதையும் அப்படித்தான், காட்டைச் சுற்றிப் போகச் சொல்லித்தான் வருடக்கணக்காகக் கேட்டோம், 2019ல் காட்டுக்கு நேர்கீழே, சுமார் 70 மீட்டர் ஆழத்தில் போவது என்று முடிவு வந்தது. கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை, ஆனால் அவ்வளவு ஆழத்துக்கு இறக்கியதில் அந்தப் பேச்சுக்கும் பங்கு உண்டு.

அதே சமயம் 2021ஐ மறக்க முடியாது. கிராஞ்சியில் பல்லுயிர் ஆய்வு முடிவதற்கு முன்பே காட்டை வெட்டிவிட்டார்கள். மேலிருந்து எடுத்த படம் வெளியாகி, பச்சையாக இருந்த இடம் செம்மண்ணாகக் கிடந்ததை எல்லாரும் பார்த்தபிறகுதான் தவறு நடந்தது என்று தொழில் நிலங்களைக் கவனிக்கிற அரசாங்க அமைப்பான ஜேடிசி ஒப்புக்கொண்டது. இத்தனைக்கும் அதற்கு முந்தைய அக்டோபரில்தான் சுற்றுச்சூழல் ஆய்வு முறையைக் கடுமையாக்கியிருந்தார்கள்.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்று உண்டு. நம்மிடம் சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வுக்கென்று தனிச் சட்டம் கிடையாது, திட்ட அனுமதி கொடுக்கிற நடைமுறையின் பகுதியாகத்தான் ஆய்வு நடக்கிறது. அறிக்கையை வெளியிடுகிறார்கள், கருத்துக் கேட்கிறார்கள், பல சமயம் காது கொடுத்தும் கேட்கிறார்கள். ஆனால் கேட்காமல் விட்டால் அடுத்து நாம் போய் நிற்க ஒரு வாசல் இல்லை. செக் ஜாவா தப்பியது தள்ளிவைப்பால். தள்ளிவைத்ததை ஒரு நாள் மறுபடி எடுக்கலாம். அந்தக் கரையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த எண்ணம் எனக்கு வரும்.

கிந்தா_மண்

தங்கச்சி, நான் மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவன், சிங்கப்பூரில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். பாலாற்றுத் தம்பி எழுதியதைப் படித்ததும் எங்கள் ஊர் புக்கிட் மேரா ஞாபகம் வந்தது. பலருக்குத் தெரியாது.

அங்கே ஒரு அரிய மண் தொழிற்சாலை இருந்தது, ஜப்பானிய நிறுவனத்தின் பங்கோடு. ஈய லம்பத்தில் (வெள்ளீயச் சுரங்கத்தில்) மிஞ்சுகிற மோனசைட் என்ற கனிமத்திலிருந்து யிட்ரியம் என்ற உலோகத்தை எடுப்பார்கள், மிச்சத்தில் கதிரியக்கத் தோரியம் இருக்கும். அதை வைத்திருந்த லட்சணத்தைப் பார்த்துப் பயந்து 1985ல் எட்டுப் பேர் ஊர் மக்கள் சார்பில் நீதிமன்றம் போனார்கள். சாதாரண ஆட்கள், தங்கச்சி. வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் தொழிற்சாலையை மூடச் சொன்னது. ஊரே கோயிலில் கூடி அழுதது என்று என் அக்கா போனில் சொன்னார். 1993 டிசம்பரில் மேல் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது, நிறுவனத்துக்கும் வேலையாட்களுக்கும் சிரமம் என்பதும் ஒரு காரணம்.

சட்டப்படி அவர்கள் தோற்றார்கள். ஆனால் 1994ல் நிறுவனமே தொழிற்சாலையை மூடிவிட்டது. அந்த வழக்கில் வெளியே வந்த அறிக்கைகளும் மருத்துவச் சாட்சியங்களும் உலகம் முழுக்கப் பரவிவிட்டன, ஜப்பானிலேயே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பிற்பாடு இடத்தைச் சுத்தம் செய்ய 100 மில்லியன் அமெரிக்க டாலர் அளவுக்குச் செலவானது. தோற்ற வழக்குதான் அந்த ஊரைக் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன், ஏனென்றால் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொன்ன சாட்சியத்தை எந்த நிறுவனமும் வெறும் வதந்தி என்று தள்ளிவிட முடியாது.

அதனால் உன் மகள் கேட்ட கேள்வியை விட்டுவிடாதே.

தெம்பனிஸ்_வாசகன்

அக்கா, உங்கள் சீட்டுகளைப் பற்றி. உடல்நலப் பாதிப்புக்கான வழக்கை இங்கே பொதுவாக மூன்று வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு 2015க்கான அந்தக் கதவு மூடிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், வருத்தமாக இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் அப்போது வயது வராத பிள்ளை என்றால் கெடுவை வேறு மாதிரி கணக்கிடுவார்கள், அதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நான் ஆசை காட்ட விரும்பவில்லை. இனி ஒரு முறை அப்படிப் புகை வந்தால் அன்றன்றைய காற்றுக் குறியீடு, மருத்துவர் குறிப்பு, செலவு ரசீது எல்லாவற்றையும் அந்த வாரமே ஒன்றாகச் சேர்த்து வையுங்கள்.

அரசாங்கமே ஏன் இந்தோனேசியா மேல் அனைத்துலக நீதிமன்றத்தில் வழக்குப் போடவில்லை என்று மகள் அடுத்துக் கேட்பாள். 2002ல் ஆசியான் நாடுகள் புகைமூட்டத்துக்காக ஓர் உடன்பாடு செய்தன, இந்தோனேசியா அதை ஏற்கவே 2014 ஆகிவிட்டது. அதில் தகராறு வந்தால் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது, நீதிமன்றம் போகிற வழி அதில் இல்லை.

வழி இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2003ல் தெக்கோங், துவாஸ் பக்கம் நாம் கடலைத் தூர்த்தது ஜோகூர் நீரிணையைக் கெடுக்கிறது என்று மலேசியா நம்மை ஹம்பர்க்கில் உள்ள கடல் சட்ட நடுவர் மன்றத்துக்கு இழுத்தது. வேலையை நிறுத்தச் சொல்லவில்லை, ஆனால் இரு நாடும் சேர்ந்து தனி நிபுணர் குழு போட்டு ஆய்வு செய்ய வேண்டும் என்று அந்த அக்டோபரிலேயே உத்தரவு வந்தது. அந்த ஆய்வை வைத்துப் பேசி 2005 ஏப்ரலில் சமரசம் ஆனது, தெக்கோங் பக்கத்துத் தூர்ப்பின் வடிவத்தை நாம் மாற்றிக்கொண்டோம். சிங்கப்பூரர் என்ற முறையில் எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, நன்றாக முடிந்த வழக்கு அது.

இன்னொன்று. புகைக்கு மிகப் பக்கத்தில் இருந்தவர்கள் நாம் இல்லை. மத்திய கலிமந்தானில் சாதாரண மக்கள் 2015 தீக்காகத் தங்கள் அதிபர்வரை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் வென்றார்கள், 2019ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்திலும் வென்றார்கள், 2022ல் மறுசீராய்வில் அது மாற்றப்பட்டது. ஆச்சேயில் திரிப்பா சதுப்புக்காட்டை எரித்த எண்ணெய்ப்பனை நிறுவனத்துக்கு 366 பில்லியன் ரூப்பியா கட்டச் சொல்லி 2014ல் அங்கேயே உள்ளூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, மேலேயும் அது நின்றது. நம் சட்டத்தால் எட்ட முடியாத மண்ணில் அந்த நீதிபதிகளால் எட்ட முடிந்தது.

மகள் கட்டுரைக்கு உதவும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2019ல் வனுவாட்டுவில் படித்துக்கொண்டிருந்த 27 சட்ட மாணவர்கள், பருவநிலை மாற்றத்தில் நாடுகளுக்கு என்ன கடமை என்று உலக நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். 2025 ஜூலை 23 அன்று ஹேக்கில் அந்த நீதிமன்றம், கடமை உண்டு, மீறினால் பொறுப்பும் உண்டு என்று கருத்துச் சொன்னது. யாரையும் உடனே கட்டுப்படுத்துகிற தீர்ப்பு இல்லை அது, ஆனால் இனி எந்த நாட்டு நீதிமன்றத்திலும் வழக்கறிஞர்கள் அதை எடுத்து வைப்பார்கள்.

புக்கிட்_பாத்தோக்_அம்மா

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு மகளோடு உட்கார்ந்து இவ்வளவையும் படித்தோம். மூன்று வருடக் கெடு பற்றிப் படித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் அலமாரியிலிருந்த பழைய கோப்பை இறக்கி, 2015ன் ஒவ்வொரு சீட்டையும் தேதி வாரியாக ஸ்கேன் செய்யத் தொடங்கிவிட்டாள். அதற்குக் கெடு முடிந்திருக்கலாமே என்றேன். கலிமந்தானில் வழக்குப் போட்டவர்களிடமும் இப்படி ஒரு கோப்பு இருந்திருக்கும் அல்லவா அம்மா என்றாள். எனக்கு அவளைத் தடுக்கத் தோன்றவில்லை.

ஊபின் அண்ணே, டிசம்பர் விடுமுறையில் செக் ஜாவாவுக்கு வருகிறோம், நீர் வற்றுகிற நாளைச் சொல்லுங்கள். பாலாற்றுத் தம்பி, நோட்டைப் பற்றிக் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

பாலாற்றங்கரை

மன்னிக்க வேண்டும் அக்கா, இரவு வேலை. நோட்டு இருக்கிறது, அம்மாவின் டிரங்குப் பெட்டியில். நேற்று அம்மாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டு எடுத்துக் காட்டச் சொன்னேன். முதல் பக்கத்தில் என் பெயரும் வகுப்பும், அடுத்த பக்கத்திலிருந்து அப்பாவின் கையெழுத்து. கடைசிக் குறிப்பு 2016ல் எழுதியது, "கிணறு, வெளிர்மஞ்சள், நுரை இல்லை, உப்பு" என்று இருக்கிறது. இழப்பீட்டுக் குழுவிடம் மனு கொடுக்க என் தங்கை போகிறாள், பட்டா நகலோடு அந்த நோட்டையும் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.